கால் பெருவிரலைப் பிடித்துக் கேட்டது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் குழப்பம் வரக்கூடாது.

சுவரை ஒட்டிய பாயில் தெற்கே தலை வைத்து இசக்கிதுரை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் பாண்டித்துரை. இசக்கிதுரையின் மனைவி பாண்டிச்செல்வி அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்து அறை வெங்கிட்டு வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஜாபர் சாதிக் ஆகிய நான் ஜன்னலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில். என் மடியில் ஒரு பலகை, பலகையின் மேல் கோடு போட்ட தாள், கையில் பேனா.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். கீழே மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடைகள் பாதி அடைத்திருந்தன. ஜன்னல் வழியாக வெயில் நேராக இசக்கிதுரையின் முழங்கால் மேல் விழுந்தது.

பட்டப்பகலில் ஒருவனைத் தூங்க விட்டு நாங்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ராமர். ராமரும் இசக்கிதுரையும் எர்ணாகுளத்தில், பிராட்வேயை ஒட்டிய மார்க்கெட்டில், ஒரே மொத்தக் கடையில் இரவு வேலை பார்த்தவர்கள். லாரியிலிருந்து இறக்குவது யூனியன்காரர்கள். தக்காளியையும் வெங்காயத்தையும் தரம் பிரித்து அடுக்குவது இவர்கள். காலை ஏழரைக்கு மட்டாஞ்சேரி திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தால் பகல் இரண்டு வரை தூக்கம். முப்பத்தெட்டு நாளைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை இசக்கிதுரை மட்டும் திரும்பி வந்தான். ராமர் வரவில்லை. "கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன், ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வாரேன்னு பையோட போனாம்" என்றான் இசக்கிதுரை. ராமர் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. கலூருக்கு அவன் போனதைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் ராமரின் மனைவி பாக்கியலக்ஷ்மி தினம் போன் செய்து அழுதாள். கடைசியில் தன் தம்பியை அனுப்பினாள். அவன்தான் பாண்டித்துரை. காவல் நிலையத்தில் இவனை உட்கார வைத்து விசாரித்து, எல்லா விவரமும் சேர்த்து எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். ராமர் தங்கியிருந்த வெங்கிட்டுவின் அறையில், ராமரின் பாயிலேயே, நான்கு நாள் தங்கினான். அந்த நான்கு பகலும் சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கிதுரை தூக்கத்தில் கத்தியதைக் கேட்டான்.

இசக்கிதுரைக்கு ஐம்பத்திரண்டு வயது. தூக்கத்தில் கத்துவது அவனுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகவே உண்டு. கத்துவான், உதைப்பான், சுவரில் குத்துவான். வேலை இல்லாத இரவுகளில் பாண்டிச்செல்வி நடுவில் அரிசிச் சாக்கைக் கிடத்தி அந்தப் பக்கம் படுப்பாள். ராமர் இருந்தபோது மத்தியானம் எழுந்ததும், "அண்ணே, இன்னைக்கு எத்தனை பேரை வெட்டுனீரு? எனக்கு மட்டும் ஒரு வாட்டி சொல்லிட்டு வெட்டும்" என்பான். அப்போது அது சிரிப்பாக இருந்தது.

பாண்டித்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. என் சாக்குக் கடைக்கு வந்தான். மாடியிலுள்ள அறைகளுக்கு நான்தான் பொறுப்பு. கடையநல்லூர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒழுங்காக எழுதத் தெரியும். இந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கு மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

"பாய், எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. தூக்கத்துல உளறுதவன் கால் பெருவிரலைப் பிடிச்சுக் கேட்டா பொய் வராது. கேக்கதுக்கு நேரா பதில் சொல்லுவாம். நான் கேக்கேன். நீங்க எழுதுங்க."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். சின்ன வயதில் ஒளித்து வைத்த மாங்காயை அண்ணனிடம் இப்படிக் கேட்டிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: "எழுதுனா தேதி, நேரம், சாட்சி எல்லாம் போட்டு முறையா எழுதணும்."

பாண்டிச்செல்வியிடம் கேட்டோம். அவள், "கேளுங்க. அவரு ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சா நானும் நிம்மதியா படுப்பேன்" என்றாள்.

பத்து முப்பத்தொன்று வரை இசக்கிதுரை மரக்கட்டையாகக் கிடந்தான். பிறகு அவன் இமைகளைப் பார்த்தேன். மூடிய இமைக்குள்ளே கண் இடமும் வலமுமாக ஓடியது, சாக்குக்குள் அகப்பட்ட எலி வழி தேடுவதுபோல. மூச்சு தாறுமாறாயிற்று. விரல்கள் துள்ளின.

"வேண்டாம்... வேண்டாம்ல..." என்றான்.

பாண்டித்துரை அவன் பெருவிரலைப் பிடித்தான். "ராமர் எங்கல?"

"ராமரு..."

"ராமரைத் தண்ணியில தள்ளுனியா?"

பிறகு உதடு அசைந்தது. "தண்ணி... தள்ளுனேன்."

அடுப்பு மேடையில் ஒரு பாத்திரம் உருண்டது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கோணவில்லை.

"எங்க வச்சு? பாலத்துக்கிட்டயா?"

"பாலம்... பாலத்துக்கிட்ட."

"ஏம்ல தள்ளுன? கோவத்துலயா?"

"கோவம்... வாரான்... வந்துட்டான்..."

அடுத்தது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடந்தது. இசக்கிதுரை எழுந்தான். கண் மூடித்தான் இருந்தது. மூடிய கண்ணோடு பாண்டித்துரையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். நான் பலகையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"தொடாதீங்க பாய்!" என்று பாண்டிச்செல்வி கத்தினாள். "தொட்டா உங்க மேல விழுவாரு. தள்ளி நில்லுங்க." அவள் தூரத்தில் நின்றபடியே அவனைக் கூப்பிட்டாள். "ஏங்க. ஏங்க. வீட்லதான் இருக்கீங்க. ஏங்க, முழிங்க."

மூன்றாவது கூப்பாட்டில் கண் திறந்தது. தன் கையையும் அதற்குள் இருந்த கழுத்தையும் பார்த்தான். கையை உதறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"எருமை" என்றான். "கருத்த எருமை ஒண்ணு கடைக்குள்ள வந்துட்டு. பெட்டியத் தள்ளி மறிச்சேன். நிக்கல... நீங்கள்லாம் ஏன் இங்க இருக்கீங்க?"

பாண்டித்துரை தொண்டையைத் தடவிக்கொண்டே எழுந்தான். "தண்ணி எங்கலே? பாலம் எங்க?"

"தண்ணியா? தண்ணி வரலியே."

"பாத்தீங்களா பாய், முழிச்சதும் மாத்துதான்."

எழுதியதை நானே வாசித்துக் காட்டினேன். நான்கு கேள்வி, நான்கு பதில். இசக்கிதுரை குந்தி உட்கார்ந்து கேட்டான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. யாரோ ஒருவனைப் பற்றிய சேதியைக் கேட்பதுபோலக் கேட்டான். அந்த யாரோ தான்தானோ என்ற சந்தேகம் மெல்ல மெல்ல முகத்தில் ஏறியது.

வெங்கிட்டு கையெழுத்துப் போட்டான். பாண்டித்துரை போட்டான். புதன்கிழமைக்குள் போலீசுக்குக் கொடுக்கும்படி இதை மனுவாக்கித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று இரவு என் மனைவி ஜொஹரா பீவியிடம் கேட்டேன், நான் தூக்கத்தில் பேசுவேனா என்று.

"பேசுவீங்க" என்றாள். "ஒரு நாளு 'பொருள்'னு சத்தமாச் சொன்னீங்க. என்ன பொருள்னு கேட்டேன். பதில் இல்ல. உங்களுக்குக் கனவும் கடுதாசிதான்."

அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் விழித்துக் கிடந்தேன். கண்ணை மூடினால் என் இமைக்குள்ளும் அந்த எலி ஓடத் தொடங்கிவிடும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை பகல் பதினொன்றுக்கு இசக்கிதுரை கடைக்கு வந்தான். தூங்க வேண்டிய நேரம். கண் சிவந்து உள்ளே போயிருந்தது.

"தூங்கலியா?"

"பயமா இருக்கு பாய்."

சாயா வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஆடை படிந்துவிட்டது.

"பாய், நான் முழிச்சிருக்கும்போது என்ன செய்தேன்னு எனக்குத் தெரியும். தூங்கும்போது யாருன்னு தெரியாது. போன மாசம் பாண்டிச்செல்வி தோள்பட்டையில அடிச்சிருக்கேன், அவ சொல்லித்தான் தெரியும். அப்படி ஒருத்தன் எனக்குள்ள இருக்காம்லா? அவன் ராமரையும் ஏதாச்சும் செய்திருந்தா?"

"அன்னைக்கு நீ தூங்கவா செய்தே? வேலை முடிஞ்சு முழிச்சுக்கிட்டுல்லா வந்தே."

"அன்னைக்கு அவங்கூட எனக்குச் சண்டை பாய். அத நான் யார்ட்டயும் சொல்லல. அழுகல் தக்காளிய நல்ல பெட்டியில போட்டுட்டாம்னு நான் வஞ்சேன். அவனும் வஞ்சாம். கலூருக்குப் போறேன்னு போனாம். அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் பஸ்ல உக்காந்து கண்ணசந்துட்டேன். பாலம் தாண்டி, தோப்பும்படி வந்துதான் முழிச்சேன்." சாயா கிளாஸைக் கீழே வைத்தான். "நடுவுல இறங்கினேனா? பாலத்துல நின்னேனா? எனக்குத் தெரியல. நீங்களே எழுதிருங்க பாய். நான்தான்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். இது என்னன்னு தெரியாம இருக்கத விட அது நல்லது."

என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் மேசையை விட்டு எழுந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது இந்த ஒன்றுக்குத்தான். ஏனென்றால் தாளும் தயாராக இருந்தது, பேனாவும் இருந்தது, அவன் கையெழுத்தும் தயாராக இருந்தது. நான் குனிந்து எழுதினால் போதும், ஒரு மனிதன் முடிந்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான், இசக்கிதுரை, பாண்டிச்செல்வி மூவரும் போனோம். இரண்டரை மணி நேரம் வரிசை. டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். எனக்கு மலையாளம் வரும் என்று சொல்லியும், பாண்டிச்செல்விக்காகத் தமிழ் கலந்தே பேசினார். இசக்கிதுரையிடம் அதிகம் கேட்கவில்லை. பாண்டிச்செல்வியிடம்தான் கேட்டார். எப்போது கத்துவார், எழுந்து நடப்பாரா, கூப்பிட்டால் உடனே விழிப்பாரா, விழித்ததும் கனவைச் சொல்வாரா.

"கண்ணு மூடித்தான் இருக்கும் டாக்டர். சண்டை போடுவாரு. கூப்பிட்டா முழிச்சிருவாரு. மாடு வந்துச்சு, நாய் வந்துச்சும்பாரு."

"மணம் ஒக்கே தெரியுந்நுண்டோ?" என்று இசக்கிதுரையிடம் கேட்டார். இஞ்சியும் மிளகும் மணக்கிற தெருவில் இருந்துகொண்டு, தனக்கு இரண்டு வருடமாக எந்த வாசனையும் தெரியவில்லை என்று அவன் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். நரம்பு டாக்டரையும் பார்க்க வேண்டும் என்றார்.

பிறகு சொன்னார். தூக்கம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு முறை கனவு காணும் கட்டம் வரும். அப்போது கண் இமைக்குள்ளே வேகமாக ஓடும். மூளை விழித்திருப்பவனுடையதைப்போல வேலை செய்யும். அதனால்தான் மூளையே அந்த நேரம் உடம்பைப் பூட்டி வைக்கிறது. மூச்சும் கண்ணும் மட்டும் பூட்டுக்கு வெளியே. கனவில் ஓடினாலும் கால் பாயிலேயே கிடப்பது அந்தப் பூட்டால்தான்.

"இவருக்கு ஆ பூட்டு லூஸாயி. கனவுல செய்யிறது அப்படியே உடம்பும் செய்யும். பேய் ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்துல படுக்கிறவங்களுக்கு ஆபத்து. கூர்மையான சாமான் ஒண்ணும் பக்கத்துல வைக்கண்டா. நீங்க தள்ளிப் படுக்கணும்."

நான் கேட்டேன். "அப்போ பேசுறது உண்மையா இருக்குமா டாக்டர்?"

"சேட்டா, அது சத்யமும் இல்ல, கள்ளமும் இல்ல. கனவு. பக்கத்துல யாராவது பேசினா அதும் சிலப்போ கனவுக்குள்ள போகும்." அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன், யாராவது கேள்வி கேட்டீங்களோ?"

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரின் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

அன்று மாலை கடைக்கு வந்த பாண்டித்துரையிடம் டாக்டர் சொன்னதையும், இசக்கிதுரை சொன்ன சண்டையையும் சொன்னேன். அவன் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வியாதி இருக்கட்டும் பாய். வியாதிக்காரன் தள்ள மாட்டானா? தூக்கத்துலயே எங்கழுத்தப் பிடிச்சவன், முழிச்சிருக்கும்போது சண்டை வேற போட்டிருக்கான். சண்டைய மறைச்சானா இல்லியா?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரவு முழுக்க அவன் அக்காள் போனில் அழுதிருந்தாள். "எனக்கு ஒரு சவமாவது கிடைக்கணும்லா. வெறுங்கையோட போயி அவ முன்னால எப்படி நிப்பேன்?"

புதன்கிழமை மனுவை எழுதினேன். நான் தமிழில் எழுதினால் என் மகள் அன்ஸியா அதை மலையாளத்தில் பெயர்ப்பாள். அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனாலேயே ஒரு சொல்லையும் தாண்டிப் போக மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பேனாவை வைத்துவிட்டாள்.

"வாப்பா, இவரு சொந்தமா ஒண்ணுமே பறயலையே."

"சொந்தமான்னா?"

"தண்ணின்னு முதல்ல சொன்னது இவரு அல்ல, மத்த ஆளு. தள்ளுனியான்னு கேட்டதும் மத்த ஆளு. பாலமும் அவருதான். இவரு திரும்பச் சொல்லியிருக்கு, அத்ரதான். இவருக்குன்னு உள்ளது கடைசியில 'வாரான், வந்துட்டான்' மட்டும். அது வாப்பா சொன்ன எருமையா இருக்கும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. கேள்வி இடப்பக்கம், பதில் வலப்பக்கம், நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்து முறையாவது வாசித்திருப்பேன். பதில்களை மட்டும் மேலிருந்து கீழே வாசித்திருந்தேன். அன்று உரக்க வாசித்துக் காட்டியபோதுகூட இடமிருந்து வலமாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போய் பாண்டிச்செல்வியிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, வாசித்துச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"இன்னொரு வாட்டி கேப்போம் பாய். அதே ஆளுங்க, அதே இடம். ஆனா விரலை நான் பிடிப்பேன்."

"என்ன கேக்கப் போற?"

"அப்போ பாருங்க."

இசக்கிதுரையிடமும் சொன்னாள். மறைத்துச் செய்வதில்லை என்று முடிவு. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தள்ளி உக்காரு. காலைப் பிடிச்சதும் விட்டுட்டு ஓடிரு" என்றான்.

வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி முதல் உட்கார்ந்திருந்தோம். இசக்கிதுரை மூன்று பகலாகத் தூங்காதவன், படுத்த உடனே தூங்கிவிட்டான். டாக்டர் கொடுத்த மாத்திரையை அன்று இரவிலிருந்து தொடங்குவது என்று ஒத்திப்போட்டிருந்தோம். பாண்டித்துரைக்குக் காலடியில் இடமில்லாததால் சுவரோரம் உட்கார்ந்தான். அரிவாள்மணை, அம்மிக் குழவி, கண்ணாடி எல்லாவற்றையும் நான் முதலிலேயே வெளியே எடுத்து வைத்திருந்தேன். வெங்கிட்டு, "என்னையும் வெளிய எடுத்து வச்சிருங்க பாய்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பது நாற்பத்தேழுக்கு இமைக்குள் கண் ஓடத் தொடங்கியது. இந்த முறை உதைக்கவில்லை. முனகினான். உள்ளங்கை இரண்டும் எதையோ தடுப்பதுபோல் விரிந்தன.

பாண்டிச்செல்வி குனிந்து பெருவிரலைப் பிடித்தாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்.

"பாண்டிச்செல்வி எங்க?"

"செல்வி..."

"செல்வியைத் தண்ணியில தள்ளுனியா?"

பேனாவை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கேள்வியை எழுதினேன். வெங்கிட்டு உள்ளே இருந்த காலையும் வெளியே இழுத்துக்கொண்டான். பாயில் கிடந்தவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான், யாரோ காதில் சொல்வதைக் கேட்பவன்போல.

"தள்ளுனேன்" என்றான். "தண்ணியில."

"செத்துட்டாளா?"

"செத்துட்டா."

அதை அவன் மெதுவாக, ரகசியம்போலச் சொன்னான். கத்தியிருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. பாண்டிச்செல்வி விரலை விடவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அவன் பாதத்தில் விழுந்தது, முகம் அசையவில்லை. எதிரே உயிரோடு இருக்கிறவள் செத்துப்போனதாக அவள் புருஷன் வாயாலேயே அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எங்கே புதைத்தான் என்றும் சொல்லியிருப்பான்.

"எந்தக் கடல்லன்னும் கேக்கட்டுமா?" பாண்டித்துரையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "சொல்லுவாரு. நீ எந்தக் கடலச் சொன்னாலும் சொல்லுவாரு."

பாண்டித்துரை சுவரிலிருந்து முதுகை எடுத்துப் பாயையே பார்த்தான்.

அவள் எழுந்து தூரமாக நின்று இசக்கிதுரையைக் கூப்பிட்டாள். விழித்தவன் முதலில் அவளைத்தான் தேடினான். கண்டுபிடித்த பிறகும், "நீ இருக்கியா?" என்று கேட்டான்.

"இருக்கேன். என்ன கனவு?"

"மழை பேஞ்சுது. வாசல்ல பெட்டிய அடுக்கி மறிச்சேன். தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு." அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "என்ன சொன்னேன்?"

நான் வாசித்தேன். வாசித்துத்தான் ஆக வேண்டும். அவனைப் பற்றி எழுதியது அவனுக்குத் தெரியாமல் என் மடியில் இருக்கக்கூடாது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பாண்டிச்செல்வி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள். கை வைத்ததும் அவன் திடுக்கிட்டான். அவளும் திடுக்கிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

கீழே கடையில் வைத்துப் பாண்டித்துரை கேட்டான். "சரி பாய், அவன் சொன்னது செல்லாது. அப்போ எங்க அத்தான் எங்க?"

"தெரியல."

"அந்தத் தாளைக் கிழிச்சிருவீங்களா?"

இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தேன். கிழிப்பது எளிது. கிழித்தால் ஒருநாள் வெங்கிட்டு எங்கேயாவது சாயாக் கடையில் சொல்லுவான். கிழித்ததாலேயே அது உண்மையாகிவிடும். அதை மட்டும் அனுப்பினாலோ இசக்கிதுரை போனான்.

"ரெண்டையும் வைப்போம்" என்றேன். "மேல மனு. ராமரைக் காணலைங்கது, எந்த நாளு, எந்த இடம், என்ன சட்டை, யாரு கடைசியாப் பாத்தா, சண்டை நடந்தது, எல்லாம் முழிச்சிருக்கும்போது சொன்னது மட்டும். கீழ ஞாயித்துக்கிழமைத் தாளு. அதுக்குக் கீழ இன்னைக்குத் தாளு. கேள்வி எல்லாம் நாம கேட்டதுன்னு எழுதி நான் கையெழுத்துப் போடுதேன்."

அவன் நெடுநேரம் சாக்குக் கட்டின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தான். "கலூர் ஸ்டாண்டுல கேமரா இருக்கும்லா பாய்? அத மொதல்ல பாக்கச் சொல்லி எழுதுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அன்ஸியா மலையாளப் படியை முடித்தாள். ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்கு முன் எல்லோரும் கடைக்கு வந்தார்கள். இசக்கிதுரை இரவு வேலைக்குப் போகவில்லை. மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தான். நடுவில் அரிசிச் சாக்கு போதாது என்று பாண்டிச்செல்வி வராந்தாவில் படுத்தாளாம். அவன் ஒரே ஒரு தடவை கத்தினானாம். என்ன கத்தினான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மனுவில் சண்டையைச் சொல்லும் பகுதியை அவனிடமே வாசித்துக் காட்டினேன். "கடைசியாகப் பார்த்தவன் நான்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். பாண்டித்துரை மனுதாரர் என்ற இடத்தில் போட்டான். வெங்கிட்டு மனுவின் இரண்டு தாளிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். வியாழக்கிழமைத் தாள் பாண்டிச்செல்விக்கு வந்தது. அவள் கைநாட்டுதான். மையை விரலில் தடவிவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குக் கீழ பாய் வைக்கணும்?"

செத்துட்டா என்ற சொல்லுக்குக் கீழே இடம் விட்டிருந்தேன். 'மேற்கண்ட பாண்டிச்செல்வி நானே. உயிருடன் இருந்து இதைக் கேட்டேன்' என்று எழுதியிருந்த வரியைக் காட்டி வாசித்தேன். அவள் பெருவிரலை அழுத்தி வைத்தாள், எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"நாளைக்கு போலீஸ் என்னக் கேட்டா, முழிச்சிருக்கும்போதுதானே கேப்பாங்க?" என்றான் இசக்கிதுரை.

"ஆமா."

"தூங்கவிட்டுக் கேக்க மாட்டாங்கல்லா?"

"மாட்டாங்க" என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

மனு இரண்டு தாள், மலையாளப் படி இரண்டு தாள், தூக்கத்தில் கேட்ட தாள் இரண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் ஒன்று. ஏழு. வரிசையாக அடுக்கி இடது மூலையில் நூலால் கட்டினேன். காவல் நிலையத்தில் நேரில் கொடுப்பதைவிடத் தபாலே நல்லது. தேதி முத்திரை விழும். பழுப்பு உறையில் வைத்து, வாயில் பசை தடவி, மடித்து, மேலே ஸ்கேலை வைத்துத் தேய்த்தேன். பாண்டித்துரை உறையைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பார்த்தான். அவன் போன் அடித்தது, பாக்கியலக்ஷ்மி. எடுக்காமல் அடிக்க விட்டான்.

தபால் அலுவலகத்தில் எனக்கும் பாண்டித்துரைக்கும் முன்னால் மூன்று பேர். முறை வந்ததும் உறையை ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்த பெண் எடை போட்டு, கோடு கோடாக இருந்த ஸ்டிக்கரை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கிழித்துத் தந்தார். முத்திரை குத்தி உறையைப் பின்னால் இருந்த கூடையில் போட்டார்.